நகரம் கொடுப்பதும் கொள்வதும்

நகரமென்பது யாது? மாடங்களின் தொகுதியும் மக்கட் பெருக்கமும் மாத்திரம் ஓர் இடத்தை நகரமாக்கிவிடா. வாழ்வோர்க்கு வசதியும், வணிகர்க்குச் சந்தையும், வருவோர்க்கு வரவேற்பும் ஒருங்கே அமைந்த இடமே நகரமெனத்தக்கது. பண்டைத் தமிழ்ப் புலவரும் நகரினை இம்மூவகையாலுமே கண்டனர். மதுரைக்காஞ்சி பகலிற் கூடும் நாளங்காடியையும் இரவிற் கூடும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. பட்டினப்பாலை பல தேயத்து மக்கள் கலந்துறைந்த காவிரிப்பூம்பட்டினத்தைக் காட்டுகின்றது. எனினும், காவிரியையும் அதனால் விளைந்த வயல்களையும் முதலிற் கூறிய பின்னரே அப்பாட்டு நகரினுட் புகுகின்றது. ஆகவே, நகரம் கொடுப்பது யாது என வினவுமிடத்து, அது கொள்வது யாது என்பதையும் உடன் வினவுதல் முறையாகும்.

இவ்வினாவை ஆராய்தற்கு வன்னியே தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது. விசுவமடு, பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள கமச்செய்கை ஊர். ஆட்சி முறைமையில் அது முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்புப் பிரதேச சபையைச் சார்ந்தது. ஆயினும், அண்மையிலுள்ள பெரிய நகரம் கிளிநொச்சியே. அந்நகரோ கரைச்சிப் பிரதேச சபையின் ஆட்சிக்குட்பட்டது. எனவே, கிளிநொச்சிச் சந்தையில் விளைபொருளை விற்று, அங்கேயே வேண்டியன வாங்கித் திரும்பும் விசுவமடுவாசி, அந்நகரின் நிருவாகத்தில் வாக்குரிமை இல்லாதவராகின்றார். நகரத்தாற் பயன்பெறுவோரும் நகரத்தை ஆளத் தெரிவுசெய்வோரும் வெவ்வேறாதலே இக்காலத்து நகரங்கள் பலவற்றின் முதற் சிக்கலாகும்.

பொதுவாக ஊர் பெருகி நகராகும். நகர்க்கு நீர் வேண்டியபோது குளம் தோண்டப்படும். கிளிநொச்சியிலோ குளம் முந்தியது, நகரம் பிந்தியது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் பணி 1902 இல் தொடங்கியது. அதன் நீரை நம்பி 1936 இல் குடியேற்றத் திட்டம் ஏற்பட்டது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைத்தலே அதன் நோக்கம். ஆதலின், கிளிநொச்சி யாழ்ப்பாணத்தின் பிள்ளை எனக் கூறுதல் பொருந்தும். பின்னர் 1984 இல் அது தனி மாவட்டமாயிற்று. கச்சேரி, நீதிமன்றம், வைத்தியசாலை, வங்கி என்பன அங்கு அமைந்தன. இன்று அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. 1990 இல் நின்ற புகையிரத சேவை 2013 இல் மீண்டது.

போர் இந்நகரை ஒரு முறையன்றிப் பன்முறை அழித்தது. இறுதிக் கட்டத்தில் அதன் பெரிய நீர்த்தாங்கியும் வீழ்ந்தது. 2009 இற்குப் பின்னர் ஏ-9 வீதியால் வந்த பயணிகள் அத்தாங்கியின் அருகே நின்று படமெடுத்துச் சென்றனர். வாழ்வோர்க்கு நீர் தரவேண்டிய பொருள் வருவோர்க்குக் காட்சிப் பொருளாயிற்று. மூவகை மக்களுள் ஒருவகையினர்க்கு மாத்திரம் நகரம் பயன்படுமாயின் யாது நேரும் என்பதை இஃதொன்றே உணர்த்தும்.

வணிகத்தின் நிலையும் ஈண்டு நோக்கற்பாலது. காலபோக அறுவடை ஒரே காலத்தில் முடிவதால் நெல் ஒருங்கே சந்தைக்கு வருகின்றது. காயவிடத் தளமும் சேர்த்துவைக்கக் களஞ்சியமும் இல்லாத கமக்காரர் ஈர நெல்லையே கிடைத்த விலைக்கு விற்கின்றனர். கடைத்தெரு நீளுதல் மாத்திரம் வணிக வளர்ச்சியாகாது. விற்போன் விலைக்காகக் காத்திருக்க இயலுமாறு செய்வதே நல்ல சந்தையின் இலக்கணம்.

இனி, நகரம் கொள்வதைக் காண்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லினுள் தங்கும் மழைநீரே கிணறுகளின் ஊற்று. அளவிறந்து இறைப்பின் அது உவராகும். வயலுக்கிடும் பசளையும் அதனுட் கலக்கும். எனவே, இரணைமடு நீரை யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுதவிக்கு இசைந்தது. குளத்தை நம்பிய கமக்காரர் இதனை எதிர்த்தனர். சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் நீர் போதாமையால் பங்கிட்டே விதைக்கும் அவர்களது அச்சம் காரணமற்றதன்று. குடாநாட்டாரின் தாகமும் பொய்யன்று. இருதிறத்தாரும் தமிழர், பலர் உறவினருங்கூட. ஈற்றில் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பெற்று 2024 இல் திறக்கப்பட்டது. சச்சரவு தணிந்தது, ஆயினும் கடல்நீரைச் சுத்திகரித்தற்கு மின்சாரம் மிகுதியும் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இதே சிக்கலை அமெரிக்காவின் பெருநகராகிய நியூயோர்க்கும் எதிர்கொண்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு கோடி கலன் நீரை அருந்தும் அந்நகர், அதன் பெரும்பகுதியைத் தொலைவிலுள்ள கட்ஸ்கில் மலைப்பகுதியினின்றும் அதனையடுத்த டெலவெயர் ஆற்றுப் பகுதியினின்றும் பெறுகின்றது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஷோக்கன் நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது ஊர்கள் அகற்றப்பட்டன, கல்லறைகளும் பெயர்க்கப்பட்டன. அம்மலைவாழ் மக்களின் மனக்கசப்பு பல தலைமுறை நீடித்தது. 1997 இல் நகரமும் மலையூர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மாபெரும் வடிகட்டு நிலையத்திற்குப் பெரும்பொருள் செலவிடுவதினும், நீர் பிறக்கும் நிலத்தைப் பேணுதல் மலிவென நகரம் கண்டது. ஆகவே, பண்ணைகளினின்று கழிவு ஆற்றிற் கலவாது தடுத்தற்கும், வீட்டுக் கழிவுக் குழிகளைத் திருத்துதற்கும் நகரமே பணமளித்தது. கொண்ட நீருக்கு ஈடு கொடுத்தமையாலேயே இணக்கம் பிறந்தது.

கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும் நியூயோர்க்கைப் போல வானளாவ உயரவேண்டியதில்லை. ஆனால், அங்கு கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. நகரின் பெருமையை அதன் விளக்கொளியைக் கொண்டு மாத்திரம் அளத்தல் தகாது. அந்நகர்க்கு நீரும் நெல்லும் அளிக்கும் கடைசி ஊரவன் அங்கே சென்று மதிப்புடன் திரும்புகின்றானா என்பதே உரைகல். விசுவமடுவிலிருந்து வைகறையில் மரக்கறி மூடையுடன் புறப்படுபவன் நகரின் விருந்தினனுமல்லன், அந்நியனுமல்லன். அவனும் அதன் பங்காளியே.