நீர் உரைத்த நோய்

தமையனாரின் சிறுநீர் கொண்ட போத்தலைத் துணியிற் சுற்றி வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்ற அன்று, பண்டிதனாகிய எனக்கு மெய் கூசிற்று. அவரது முதுகு நோவை முதுமையின் குறையென்றே எண்ணியிருந்தோம். நீர்க்குறி பார்த்து நோயறிதல் நம் சித்த வைத்தியத்துக்கும் உரிய மரபன்றோ என என்னை நானே தேற்றிக்கொண்டேன். வைத்தியர் தேடியது பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்பதனை. அதன் வரலாறு யாவரும் அறியத்தக்கது.

1845ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர வணிகரொருவர் என்பு நோவால் வருந்தினார். அவரது சிறுநீரிலே விந்தையொன்று காணப்பட்டது. முட்டையின் வெண்கரு வெப்பத்தால் உறைந்தபின் மீள இளகுவதில்லை. இந்நீரிலிருந்த பொருளோ சூடேறுகையில் உறைந்து, கொதிக்குந் தறுவாயிற் கரைந்து, ஆறியதும் மீண்டும் உறைந்தது. வைத்தியர் வாற்சன் அறிந்தார்போல் நடியாது, அந்நீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் வைத்தியருக்கு அனுப்பி, இஃது யாதெனக் கேட்டார். வணிகர் 1846ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே இறந்தார். ஆயினும், அந்நோயுற்ற பிறரிடத்தும் இப்பொருளைத் தேடுதல் வேண்டுமென பென்ஸ் ஜோன்ஸ் எழுதிவைத்தார்.

வினாவுக்கு முழு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. நம்மைக் காக்கும் பிறபொருளெதிரியின் உறுப்பாகிய இலேசான சங்கிலியே அதுவென்று 1962இல் எடெல்மன் குழுவினர் நிறுவினர். என்பு மச்சையிற் பிறபொருளெதிரிகளை ஆக்கும் கலங்கள் புற்றுநோயாற் பெருகுங்கால், அச்சங்கிலிகள் மிகையாகச் சுரக்கின்றன.

தொடக்கத்தில் அம்மிகை சிறிதே. ஓர் இலீற்றர் குருதித் தெளியத்தில் அல்புமின் என்னும் புரதம் ஏறக்குறைய 40 கிராம். நலமுடையாரிடத்தே தனித்துத் திரியும் இச்சங்கிலிகளோ சில மில்லிகிராம்களே. பெருங்கூட்டத்துள் இச்சிறியதைக் காண்பது எங்ஙனம்? மரம், வேர் என்பன புணர்ந்து மரவேர் என நிற்குங்கால் மகரவொற்றுக் கெடும், பிரித்தால் தோன்றும். அவ்வாறே, சேர்ந்திருக்கையில் மறைந்திருக்கும் சங்கிலியின் ஒருபக்கம் தனித்தவிடத்து வெளிப்படும். அப்பக்கத்தை மட்டுமே பற்றும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு குருதியிலேயே அதனை அளக்கும் முறை 2001இல் வெளிவந்தது.

இக்குறி ஒன்றே தீர்ப்பாகாது. மச்சையையும் என்புகளையும் ஆராய்ந்த பின்னரே வைத்தியர்கள் தமையனாரின் நோயைத் துணிந்தனர். முற்றாக மாறுமென எவரும் வாக்களிக்கவில்லை. எனினும், என்பு முறியுமுன் நோயின் பெயர் தெரிந்தது. மருந்துண்கிறார், திண்ணையில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கிறார்.

அன்பர்களே, நீங்காத என்பு நோவை முதுமையென்று ஒதுக்கிவிடாதீர்கள். இப்போதும் அப்போத்தலை நானே கொண்டு செல்கிறேன். துணியிற் சுற்றுவதில்லை.