அமென் தாம்சன் அடுத்த யானிஸா? அந்த கார்டு சொல்லாத கதை

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. "அண்ணா, இன்ஸ்டால ஒரு கார்டு சுத்துது, பாத்தீங்களா? ரெண்டாவது சீசன்ல யானிஸ் ஒரு பக்கம், அமென் தாம்சன் இன்னொரு பக்கம். எல்லாத்துலயும் அமென்தான் மேல இருக்காரு. அப்போ அடுத்த யானிஸ் இவர்தானே?"ன்னு கேட்டிருந்தாரு. ரெண்டு வரியில பதில் போட்டுட்டு விட்டுடலாம்னுதான் நெனச்சேன். ஆனா யோசிக்க யோசிக்க இது ஒரு முழு எபிசோடுக்கான கேள்வின்னு தோணுச்சு.

முதல்ல அந்த கார்டுல இருக்கறது உண்மைதான். மில்வாக்கி பக்ஸுக்கு ஆடுற யானிஸ் அடெட்டகூம்போ, தன்னோட ரெண்டாவது சீசனான 2014-15ல ஒரு மேட்சுக்கு சராசரியா 12.7 பாயிண்ட், 6.7 ரீபவுண்ட், 2.6 அசிஸ்ட் எடுத்தாரு. ஹூஸ்டன் ராக்கெட்ஸோட அமென் தாம்சன், தன்னோட ரெண்டாவது சீசனான 2024-25ல 14.1 பாயிண்ட், 8.2 ரீபவுண்ட், 3.8 அசிஸ்ட். ஆடின நிமிஷமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கணக்குல தப்பே இல்ல.

ஆனா யானிஸ் என்பிஏவுக்குள்ள வந்தப்போ வயசு 18. அமென் வந்தப்போ 20. அதனால ரெண்டாவது சீசன் நடுவுல யானிஸுக்கு 20 முடியுது, அமெனுக்கு 22 முடியுது. இப்போ "ரெண்டாவது சீசன்"ங்கிறதை எடுத்துட்டு "22 வயசு முடிஞ்ச சீசன்"னு அதே கார்டைப் போடுங்க. யானிஸுக்கு அது 2016-17. அந்த வருஷம் அவர் 22.9 பாயிண்ட், 8.8 ரீபவுண்ட், 5.4 அசிஸ்ட். மொத்த பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக்னு அஞ்சு பட்டியல்லயும் லீக்கோட முதல் 20 பேருக்குள்ள வந்த முதல் ஆள் ஆனதும் அந்த சீசன்லதான். மோஸ்ட் இம்ப்ரூவ்டு பிளேயர் விருதும் அப்பதான் கிடைச்சுது. இந்தக் கார்டுல அமென் கிட்டவே வர முடியாது.

சரி, அப்போ வயசுக் கார்டுதான் சரியா? அதுவும் இல்ல. 22 வயசுல யானிஸுக்கு அது நாலாவது என்பிஏ சீசன். அதுக்குள்ள மூணு வருஷம் உலகத்துலயே பெரிய ஆட்டக்காரங்ககிட்ட அடி வாங்கியிருந்தாரு. அமென் அந்த வயசுகள்ல அட்லாண்டாவுல ஓவர்டைம் எலீட்ங்கிற லீக்ல, பெரும்பாலும் தன் வயசுப் பசங்களோட ஆடிட்டு இருந்தாரு. ஒரு அளவுகோல் அமெனைத் தூக்குது, இன்னொண்ணு இறக்குது. நமக்குப் பிடிச்சவரு யாரோ, அவருக்கு ஏத்த அளவுகோலை நாம எடுத்துக்கறோம், அவ்ளோதான்.

அதனால நம்பரை ஓரமா வெச்சுட்டு, யானிஸுக்கு முதல் வருஷத்துக்கும் ஆறாவது வருஷத்துக்கும் நடுவுல என்ன மாறுச்சு, யாரு மாத்தினாங்கன்னு பாக்கலாம். எனக்கு அதுதான் சுவாரசியமான கதை.

2013 டிராஃப்ட்ல யானிஸ் 15வது ஆளா எடுக்கப்பட்டாரு. கிரீஸோட ரெண்டாம் டிவிஷன்ல ஆடிட்டு இருந்த ஒல்லிப் பையன். ஏதென்ஸ்ல பிறந்த நைஜீரியப் பெற்றோரோட பிள்ளை, தெருவுல வாட்ச்சும் கூலிங் கிளாஸும் வித்த குடும்பம். கிரேக்கக் குடியுரிமையே அந்த 2013லதான் கிடைச்சுது. முதல் சீசன்ல 6.8 பாயிண்ட். அந்த சீசன்ல பக்ஸ் டீம் ஜெயிச்சது வெறும் 15 மேட்ச், லீக்லயே கடைசி. இதைக் கொஞ்சம் கவனிங்க. 82 மேட்ச்ல 67 தோக்குற டீம்ல, 19 வயசுப் பையன் பந்தைத் தவற விட்டா யாரும் பெருசா கவலைப்பட மாட்டாங்க. தப்பு பண்ண அவருக்கு நேரம் இருந்துச்சு.

ரெண்டாவது வருஷம் ஜேசன் கிட் கோச்சா வந்தாரு. வந்ததும் மூணு பாயிண்ட் ஷாட்டை நிறுத்தச் சொல்லிட்டாரு. முதல் சீசன்ல 118 தடவை போட்ட பையன் ரெண்டாவது சீசன்ல 44 தடவைதான் போட்டாரு. நாம இப்போ "ஷாட் கத்துக்கிட்டா பெரிய ஆளாயிடுவான்"னு எல்லா இளம் வீரரையும் பாத்து சொல்றோம். யானிஸ் கதையில நடந்தது தலைகீழ். ரிங்குக்குப் பக்கத்துல போய்ப் போடுறதுதான் அவர் வேலைன்னு ஆயிடுச்சு. முதல் சீசன்ல 41 சதவீதமா இருந்த ஃபீல்டு கோல், 2018-19ல 58 சதவீதத்துக்குப் பக்கத்துல போச்சு. ஃப்ரீ த்ரோ சதவீதம் நடுவுல ஏறி, அப்புறம் கீழகூட போயிடுச்சு. அதாவது அவர் ஒரு ஷூட்டரா வளரவே இல்ல. மோதித் தள்ளிட்டு உள்ள போற ஆளா வளர்ந்தாரு. டிராஃப்ட் சமயத்துல சுமார் 90 கிலோ இருந்தவரு 110 கிலோ ஆனாரு. டிராஃப்டுக்கு அப்புறம் உயரமும் கூடுச்சு. உடம்பு ஏத்துறது உழைப்பு, அதுல சந்தேகமே இல்ல. உயரம் கூடுறது? அதுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது மக்களே.

அப்புறம் 2016. ஆல் ஸ்டார் இடைவேளைக்கு அப்புறம் கிட் பந்தைத் தூக்கி யானிஸ் கையில கொடுத்துட்டாரு. 21 வயசுல, 211 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு பாயிண்ட் கார்டு. மிச்ச சீசன்ல மட்டும் அஞ்சு ட்ரிப்பிள் டபுள் வந்துச்சு.

கடைசியா 2018ல மைக் புடென்ஹோல்சர் கோச்சா வந்தாரு, கூடவே புரூக் லோபஸ் வந்தாரு. இந்த லோபஸ் தன்னோட முதல் எட்டு சீசன்ல மொத்தமே 31 தடவைதான் மூணு பாயிண்ட் ட்ரை பண்ணியிருந்தாரு. பக்ஸுக்கு வந்த முதல் சீசன்ல 187 போட்டு உள்ள தள்ளினாரு. ஏன்? அவர் வெளிய நின்னா, அவரைக் காக்குற பெரிய ஆளும் வெளிய வந்தாகணும். ரிங்குக்கு முன்னாடி இடம் காலியாகும். அந்தக் காலி இடத்துலதான் யானிஸ் ஓடினாரு. 60 வெற்றி, முதல் எம்விபி. எம்விபி கோப்பையில ஒரு பேர்தான் எழுதுவாங்க, ஆனா அந்த இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தது மத்த நாலு பேர்.

இப்போ நான் கொஞ்சம் வருத்தமான கதைக்கு வர்றேன். "அடுத்த யானிஸ்"னு ஒருத்தரை ஏற்கெனவே பாத்தாச்சு. தோன் மேக்கர். சூடான்ல பிறந்து ஆஸ்திரேலியாவுல வளர்ந்தவரு. 2016 டிராஃப்ட்ல இதே பக்ஸ் டீம் 10வது ஆளா எடுத்துச்சு. கிட்டத்தட்ட ஏழடி உயரம், நீளமான கை, ஓயாத உழைப்பு. கெவின் கார்னெட் மாதிரி ஒரு ஜாம்பவானே இந்தப் பையன் ஒருநாள் எம்விபி ஆவான்னு சொன்னாரு. டீமும் அதே, கோச்சும் அதே. 2018 பிளேஆஃப்ல பாஸ்டனுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 5 பிளாக் பண்ணப்போ நானும் நம்பினேன், மறைக்கல. அடுத்த வருஷமே நேரம் கிடைக்கலன்னு அவர் ட்ரேடு கேட்டாரு. 2021 ஜனவரியில, 23 வயசுல, என்பிஏவுல கடைசி மேட்ச் ஆடி முடிச்சுட்டாரு.

மேக்கர் மோசமான ஆட்டக்காரர் இல்ல. பெஞ்சுல இருந்து வந்து பத்துப் பதினஞ்சு நிமிஷம் டிஃபென்ஸ் ஆடுற ஒரு நல்ல வேலை அவருக்குன்னு இருந்திருக்கலாம். ஆனா எம்விபியா வரப்போறவன்னு பேர் வாங்கின பையன் ஒரு மேட்ச்ல 4 பாயிண்ட் எடுத்தா அது தோல்வியா தெரியும். வேற யாராவது எடுத்தா அது வெறும் 4 பாயிண்ட்தான். ஒப்பீடு செய்யுற கெடுதல் இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

திரும்ப அமெனுக்கு வருவோம். ஒரு விஷயத்துல அவர் அந்த வயசு யானிஸைத் தாண்டிட்டாரு, அது டிஃபென்ஸ். ரெண்டாவது சீசன்லயே ஆல் டிஃபென்சிவ் முதல் டீம்ல வந்துட்டாரு. யானிஸ் அந்த முதல் டீமுக்கு வந்தது 2019லதான். ஆனா அமென் 10 சென்டிமீட்டர் குட்டை. யானிஸ் ஒரு காலை எடுத்து வெச்சு ஆள் தலைக்கு மேல போடுற ஷாட்டை, அமென் குதிச்சு, உடம்பை வளைச்சுப் போடணும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் டீம். ஹூஸ்டன் கடைசி இடத்துல கிடக்குற டீம் இல்ல. 2024-25ல 52 மேட்ச் ஜெயிச்சு, பிளேஆஃப்ல கோல்டன் ஸ்டேட்கிட்ட ஏழாவது மேட்ச் வரைக்கும் போய்த் தோத்தாங்க. அடுத்த கோடையில கெவின் டுராண்ட்டையே கூட்டிட்டு வந்துட்டாங்க. அதாவது இப்பவே ஜெயிக்கணும். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு முழங்கால்ல தசைநார் கிழிஞ்சதால பந்தைக் கொண்டுபோற வேலை அமென் பக்கம் நகர்ந்துச்சு. 2016ல யானிஸுக்கு நடந்த மாதிரியேதான். ஆனா தப்புக்கு அங்க இருந்த மன்னிப்பு இங்க இல்ல. ரிங்குக்கு முன்னாடி இடமும் காலியா இல்ல. அல்பெரென் ஷெங்குனோட வீடே அங்கதான்!

எனக்குத் தோணுறதைச் சொல்லட்டா? கண்டிப்பா யாரோடயாவது ஒப்பிட்டே ஆகணும்னா, நான் ஸ்காட்டி பிப்பனை எடுப்பேன். 22 வயசுல லீக்குக்கு வந்து முதல் சீசன்ல 7.9 பாயிண்ட், ரெண்டாவதுல 14.4. நீளமான கை, எல்லாரையும் காக்குற டிஃபென்ஸ், பந்தையும் கொண்டுபோவாரு, ஷாட் சுமார். ஆறு சாம்பியன்ஷிப். ஆனா பிப்பன்னு கார்டு போட்டா லைக் வராது, அதனால யாரும் போட மாட்டாங்க.

தம்பிக்கு ஒரு வேலை தர்றேன். அடுத்த தடவை ஹூஸ்டன் மேட்ச் பாக்கும்போது பந்தைப் பாக்காதீங்க. அமென் மூணு பாயிண்ட் கோட்டுல சும்மா நிக்கும்போது, அவரைக் காக்குறவரு எங்க நிக்கிறாருன்னு பாருங்க. ரெண்டாவது சீசன்ல அமெனோட மூணு பாயிண்ட் 27.5 சதவீதம்தான், அதனால அந்த ஆள் ஆறேழு அடி தள்ளி, ரிங்குக்குப் பக்கத்துல போய் ஷெங்குன் வழியை மறிச்சுட்டு நிப்பாரு. 2019ல டொரான்டோவும் இப்படித்தான் யானிஸுக்கு முன்னாடி ஒரு சுவரைக் கட்டி, 2-0ன்னு பின்தங்கியிருந்த சீரிஸை 4-2ன்னு ஜெயிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச்ல யானிஸ் 50 பாயிண்ட் எடுத்தாரு, 19 ஃப்ரீ த்ரோவுல 17 உள்ள போச்சு. சுவரை இடிக்க அவருக்குக் கிடைச்ச வழி அது. அமெனைக் காக்குறவரு என்னிக்கு ஒரு அடி முன்னாடி வந்து நிக்கிறாரோ, அன்னிக்கு எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.