கௌரியும் கெளரியும்

எக்செல் தாளில் மூன்று வரி: எஸ். முருகன், முருகன் எஸ்., சு. முருகன். ஊர் ஒன்றில் திருச்சி, இன்னொன்றில் திருச்சிராப்பள்ளி. ஆள் ஒருவரா, மூவரா? கம்ப்யூட்டரைக் கேட்டால் மூவர் என்று அடித்துச் சொல்லும். டேட்டா கிளீனிங் வேலைக்குப் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரமே இந்த முருகன்கள் வந்து வாய்ப்பார்கள்.

டைப் அடிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. டைப்பிங் இதில் கொஞ்சம்தான். பின்கோடு ஆறு இலக்கம், தமிழ்நாட்டு முகவரி என்றால் 6இல் தொடங்க வேண்டும்; இதையெல்லாம் ஒரு ஃபார்முலா போட்டால் எக்செலே பிடித்துக் கொடுக்கும். தேதிதான் தகராறு. 03/04/2021 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? அந்த வரிசையை மேலும் கீழும் ஓட்டி, முதல் எண் எங்காவது 12ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் நாள்தான் முதலில் என்று கொள்ளலாம். அதுவும், மொத்தமும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால்.

தமிழில் அடித்த பட்டியல் தனி ரகம். கௌரியைச் சிலர் முறையாக ஔகாரக் குறி போட்டு அடித்திருப்பார்கள். சிலர் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ எழுத்தையே வைத்திருப்பார்கள். திரையில் இரண்டும் அக்கா தங்கை போல இருக்கும். கௌரியைத் தேடினால் கெளரி வரமாட்டார். சேர்ந்த புதிதில் இதில் ஒரு மதியம் முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

உதவி செய்கிறேன் என்று எக்செல் கெடுப்பதும் உண்டு. மனித மரபணு ஒன்றின் பெயர் ‘மார்ச்1’. அடித்ததும் மார்ச் 1ஆம் தேதியாகிவிடும். கடைசியில், 2020 வாக்கில், பெயரிடும் குழு மரபணுவின் பெயரையே ‘மார்ச்எஃப்1’ என்று மாற்றிக்கொண்டது. எக்செலின் அந்தப் பழக்கத்தை நிறுத்திவைக்க மைக்ரோசாஃப்ட் வழி கொடுத்தது 2023இல்தான்.

மறுபடி முருகன். ஆங்கில எஸ். சுப்ரமணியனுக்கும் பொது, செல்வராஜுக்கும் பொது. கதவு எண்ணும் போன் நம்பரும் ஒத்துப்போனால் ஒரே ஆளாகச் சேர்த்துவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் நம்மூரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்களே! பிறந்த தேதி இருந்தால் பிழைத்தோம். பல தாள்களில் அங்கே 01/01/1900 என்றிருக்கும். காலியாக விட முடியாத கட்டத்தில் யாரோ இட்டு நிரப்பியது. அப்போது எதையும் அழிக்காமல், பக்கத்தில் புதுக் கட்டம் சேர்த்து ‘விசாரிக்க’ என்று எழுதிவிட்டுப் போன் போட வேண்டும்.

நான் போட்டபோது எடுத்தது ஒரு பையன். “எந்த முருகன் வேணும்? தாத்தாவா, நானா?”