குழாய்த் தண்ணீரின் மணமும் குற்றவாளியைத் தேடும் முறையும்

"தம்பி, தேத்தண்ணியிலை ஆசுப்பத்திரி மணக்குது."

இரவு வேலை முடிந்து வந்த ஒரு காலையில் மாமி இப்படிச் சொன்னார். குடித்துப் பார்த்தேன், உண்மைதான். குட்மேய்ஸில் நாங்கள் இருக்கும் வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரே குசினி. மற்றக் குடும்பம் கேத்திலை டெற்றோல் போட்டுக் கழுவுகிறது என்பது எங்கள் பக்கத்து முடிவு. நாங்கள்தான் ஏதோ செய்கிறோம் என்பது அவர்களது முடிவு. நண்பர் ஒருவரோ, வெளிநாட்டவர் வாழும் பகுதிக்கு இப்படித்தான் தண்ணீர் விடுவார்கள் என்று அரசியல் விளக்கமே தந்தார். இரண்டு வாரங்கள் குசினியில் பேச்சு வார்த்தை இல்லை. ஊரில் பதினொரு வருடங்கள் இரசாயனவியல் கற்பித்த நானும் அந்த இரண்டு வாரங்களில் ஒரு பரிசோதனைகூடச் செய்யவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மணம் ஒரு தடயம். எந்த மணம் என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை. நீச்சல் குளத்து மணமென்றால் அது கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின். தண்ணீரை ஒரு சாடியில் மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலே பெரும்பாலும் குறைந்துவிடும். மழை விழுந்த மண்ணின் மணமென்றால் ஜியோஸ்மின் என்னும் சேர்வை. நீர்த்தேக்கங்களில் பெருகும் நீலப்பச்சைப் பாசிகள் அதை உண்டாக்குகின்றன. ஒரு லீற்றரில் சில நனோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், தீங்கில்லை. அழுகிய முட்டை மணம் பல வேளைகளில் தண்ணீருடையதே அல்ல, கைகழுவும் தொட்டியின் வடிகுழாயிலிருந்து எழுவது. ஒரு கிளாசில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் மணந்தால் உண்மை தெரிந்துவிடும்.

எங்கள் மணம் இவற்றில் ஒன்றுமில்லை. அது மருந்து மணம். இறப்பரிலும் சிலவகைப் பிளாஸ்ரிக்கிலும் இருக்கும் பீனோல்கள் குளோரினுடன் சேரும்போது குளோரோபீனோல்கள் உண்டாகின்றன. ஒரு லீற்றரில் மைக்ரோகிராம் அளவில், சிலவேளை அதற்கும் குறைவாக இருந்தாலும் நாக்குக்குத் தெரியும். சூடாக்கினால் மணம் கூடும். தேநீர் முதலில் காட்டிக்கொடுத்தது அதனால்தான்.

அடுத்தது, எங்கே என்ற கேள்வி. இந்நாட்டுப் பழைய வீடுகளில் குசினிக் குளிர்நீர்க் குழாய் தெருக்குழாயிலிருந்து நேராக வரும். குளியலறைத் தண்ணீர் பல வீடுகளில் கூரைக்கடியிலுள்ள தொட்டி வழியாக வரும். மூடியில்லாத தொட்டியில் எது விழுந்து கிடக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே குடிப்பதற்குக் குசினிக் குழாய்தான்.

நான் செய்தவை இவ்வளவே. பக்கத்து வீட்டில் கேட்டேன், அங்கே மணமில்லை. ஆகவே தெருக்குழாய் குற்றவாளியல்ல. காலையில் முதலில் பிடித்த தண்ணீரில் மணம் இருந்தது, இரண்டு நிமிடம் ஓடவிட்டபின் இல்லை. ஆகவே வீட்டுக் குழாயில் இரவு தேங்கி நின்ற தண்ணீரில்தான் ஏதோ கலக்கிறது. அந்த முதல் தண்ணீரைச் சட்டியில் கொதிக்க வைத்தேன். மணம் அப்படியே இருந்தது. ஆகவே கேத்திலும் அல்ல. மிஞ்சியது உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் போகும் இறப்பர்க் குழாய். அதன் வால்வை இரவு பூட்டி, குசினிக் குழாயை நன்றாக ஓடவிட்டுப் படுத்தேன். விடிய முதல் கிளாசில் மணம் இல்லை.

அந்த மலிவான இறப்பர்க் குழாயைச் சந்தையில் வாங்கிப் பூட்டியவன் நானே! அதிலே தேங்கிய தண்ணீர் பின்னோக்கி வந்து குடிநீருடன் கலந்திருக்கிறது. குடிநீருக்கு அங்கீகரிக்கப்பட்ட குழாயும், தண்ணீர் திரும்பிவராமல் தடுக்கும் வால்வும் பூட்டியதும் விஷயம் முடிந்தது.

இதிலிருந்து, குற்றம் எப்போதும் நம் வீட்டுக்குள்ளேயே என்று பாடம் படிப்பவர்கள் சுன்னாகத்தை நினைக்க வேண்டும். வலிகாமத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை, சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீர்தான் கிணறு. சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மணக்கிறது என்று மக்கள் சொன்னார்கள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் மின்உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆனால் அதே ஆண்டு வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு, ஆபத்தான எண்ணெய் மாசு காணப்படவில்லை என்றது. உயர் நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டு சென்றவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சிங்களச் சூழலியலாளர். 2019 ஏப்ரலில், நொதேர்ன் பவர் கம்பனியே நிலத்தடி நீர் மாசடையக் காரணம் எனக் கண்ட நீதிமன்றம், 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. எங்கள் நிபுணர்களைவிட அந்தக் கிணற்றடிப் பெண்களின் மூக்கு நம்பகமாக இருந்திருக்கிறது.

ஆயினும் மூக்குக்கும் எல்லையுண்டு. பசளையாலும் மலசலக் குழிகளாலும் யாழ்ப்பாணக் கிணறுகளில் சேரும் நைத்திரேற்றுக்கு மணமுமில்லை, சுவையுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் பால்குடிக் குழந்தைகளுக்கு ஆபத்து. லண்டனில் 1970க்கு முந்திய வீடுகள் சிலவற்றில் இன்னமும் இருக்கும் ஈயக் குழாயும் அப்படியே. மணத்தால் தொல்லை தருவது தீங்கற்றதாக இருக்கலாம். தீங்கானது மணக்காமலே இருக்கலாம். இங்கே ஆய்வுகூடம்தான் துணை.

குற்றவாளியை முதலில் தீர்மானித்துவிட்டுச் சான்று தேடுவது எம்மவரிடையே ஊறிப்போன பழக்கம். இப்பக்கங்களில் நடக்கும் விவாதங்களிலும் அதைக் காண்கிறேன். குற்றம் உள்ளேயா வெளியேயா என்பது பரிசோதனைக்குப் பின் வரவேண்டிய முடிவு. அதற்கு முன்னர் சொன்னால், உள்ளே என்றாலும் வெளியே என்றாலும் அது வெறும் விருப்பம்தான்.

புதுக் குழாய் பூட்டிய அன்று மற்றக் குடும்பத்தின் கதவைத் தட்டி, பிழை என்னுடையது என்று சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. குசினிக்கு வந்து கேத்திலை நிரப்பினார். நாலு கோப்பை எடுத்து வைத்தார்.