காக்கையும் பனம்பழமும்

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது" என்பது நம் நாட்டுப் பழமொழி. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. ஆகவே காக்கைதான் பழத்தை வீழ்த்தியது என்று கூறிவிடலாமா? பழுத்த பழம் தானே விழுந்திருக்கலாம் அன்றோ? இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவது தொடர்பு; ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது காரணம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஆராய்ச்சியின் முதற்பாடம்.

இதற்கு நம் சென்னையிலேயே சிறந்த சான்று உண்டு. முன்னாளில் காசநோய் கண்டவர்களைச் சானடோரியத்திற்கு அனுப்புவார்கள். தூய காற்று, பூரண ஓய்வு, சத்துணவு ஆகியவை அங்கே கிடைத்தன, பலர் குணமடைந்தனர். எனவே இவையின்றி நோய் தீராது என்று மருத்துவர்களும் நம்பினர். நல்ல மருந்துகள் வந்த பின்னரும் அந்நம்பிக்கை நீடித்தது. ஆனால் படுக்கைகளோ குறைவு; நோயாளிகளோ மிகுதி. மேலும், தாய் சானடோரியம் சென்றுவிட்டால் பிள்ளைகளைக் காப்பது யார்?

1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். நோய் முற்றியவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடாதிருக்கவே குலுக்கல். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தத்தம் வீட்டில் இருந்தனர். இருவர்க்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தோர் குறைந்த உணவும் குறைந்த ஓய்வும் பெற்றும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். அதனால் வீட்டாரிடம் நோய் அதிகம் பரவவுமில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், காற்றும் ஓய்வும் பெரிதாக எதையும் கூட்டவில்லை என்பது தெளிவாயிற்று. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை உலகெங்கும் பரவ இது வழிவகுத்தது.

அப்படியானால் தொடர்பு பயனற்றதா? இல்லை. ஒருவரைப் புகைபிடிக்கச் சொல்லிச் சோதிக்கலாகாது. அங்கே தொடர்பே வழிகாட்டி. 2003-இல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வொன்று சுமார் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்தது. வயது, கல்வி ஆகிய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பின்னும், காசநோயால் இறப்பது புகைபிடிப்போரிடையே ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. இத்தகைய தொடர்பைத் தள்ளிவிட முடியுமா?

மணலிவாசிகளாகிய நமக்கு இப்பாடம் மிகவும் தேவை. ஆலைப் புகை மிகும் நாளில் இருமலும் மிகுகிறதென்று வைத்துக்கொள்வோம். மார்கழிப் பனியில் புகை தாழ்ந்து நிற்கும்; சளியும் அம்மாதத்தில் மிகும். ஆகவே புகையே குற்றவாளி என்று உடனே தீர்ப்பளிப்பது அவசரம்; நிரூபணம் இல்லையென்று வாளாவிருப்பதோ ஆபத்து. அதே மார்கழியில் புகையில்லாத ஊரில் இருமல் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

மாணவியரே, தொடர்பைக் கண்டால் கேள்வி கேளுங்கள். விடை கிடைக்கும்வரை தேடுங்கள்.