கடைச் செடி வாடுகிறதா? தண்ணீரைக் குறையுங்கள்!

நமது வணிகப் பெருமக்களில் பலர் கல்லா அருகே தொட்டியில் ஃபைகஸ் செடி வைத்திருக்கிறார்கள். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் இனம் இது. இலை உதிர்ந்ததும் தாகம் என்றெண்ணிக் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு ஊற்றுவது வழக்கமாக உள்ளது. பல செடிகள் சாவது இதனால்தான். நீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை, வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. இலை மேலும் வாடும்.

விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

இடம் மாற்றினாலும், ஏ.சி. காற்று பட்டாலும் இலை கொட்டும். வெளிச்சமான இடத்தில் அசைக்காமல் விட்டால் சில வாரங்களில் துளிர்க்கும். அதற்காகத் தொட்டி மாற்ற வேண்டியதில்லை.

வேர் துளைக்கு வெளியே வந்திருந்தால் பழையதைவிட 2 அங்குலம் மட்டுமே கூடுதல் அகலமுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். மிகப் பெரிய தொட்டியில் ஈரம் காயாது. அழுகல் நாற்றம் அடித்தால், கறுத்துக் குழைந்த வேரை வெட்டி நீக்கி, பழைய அளவுத் தொட்டியிலேயே செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நடுங்கள். வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கலாம், உடனே கழுவிவிடுங்கள்.

செடியைக் குப்பையில் எறியுமுன் இதைச் செய்து பார்க்க வேண்டுகிறோம். புதுச் செடி வாங்கும் செலவு மிச்சமாகும்.