வீட்டில் புறா வளர்ப்பு: முட்டை இட்ட பிறகு என்ன செய்வது?



"டீச்சர், எங்க வீட்டுப் புறா முட்டை போட்டிருக்கு!" என்று ஒரு மாணவன் சொன்னால் போதும், வகுப்பே கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். எத்தனை நாளில் பொரிக்கும்? குஞ்சுக்கு நாம் என்ன கொடுக்கணும்? அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல இக்கட்டுரை உதவும். புறாவை முட்டையிட வைப்பது எளிது. எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

எந்தப் புறா?

வீட்டுக்கு ஏற்றது வளையக்கழுத்துப் புறா. பால்கோவா நிறத்தில், பிடரியில் கருப்பு வளையத்தோடு இருக்கும். மந்திர வித்தைக்காரர்கள் காட்டும் வெள்ளைப் புறாவும் பெரும்பாலும் இதே இனம்தான். பல தலைமுறைகளாக மனிதரோடு வாழ்ந்து பழகிய பறவை இது. நம் நாட்டில் பாட்டுப் போட்டிக்கு வளர்க்கும் மெர்போக் வேறு இனம். மெர்போக் போன்ற காட்டுப் பறவை வளர்க்க நினைப்பவர்கள், உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தானிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூண்டும் தீனியும்

ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 90 செ.மீ. அகலமுள்ள கூண்டு வேண்டும். உயரத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் புறா பக்கவாட்டில்தான் பறக்கும். எலி நுழையாத அளவுக்குச் சிறிய கண்ணுள்ள கம்பி வலை போடுங்கள். குஞ்சுகளை எறும்பு மொய்க்கும் என்பதால் கூண்டுக் கால்களில் கிரீஸ் தடவலாம்.

தினை, கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் கலந்து கொடுக்கலாம். புறா தானியத்தைத் தோலுரிக்காமல் அப்படியே விழுங்கும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடோ கிளிஞ்சல் தூளோ அவசியம் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாத்தணும். ஏடிஸ் கொசுவுக்கும் அது நல்ல தடுப்பு. எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்தால் நுரையீரலுக்கு ஆகாது, ஈரப்படுத்திவிட்டுத் துடையுங்கள். பிறகு கை கழுவ மறக்காதீங்க.

ஜோடி சேர்ப்பது

ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தலையைத் தாழ்த்தி வணங்கி வணங்கிக் கூவுவது பெரும்பாலும் ஆண். கூட்டில் நான்கு முட்டை இருந்தால், உங்களிடம் இருப்பது இரண்டு பெண் என்று புரிந்துகொள்ளலாம். கடையில் ஜோடி என்று விற்பது சில நேரம் ஒரே கூட்டில் பிறந்தவையாக இருக்கும். அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

ஓர் அகலமான கிண்ணத்தைக் கூண்டில் பொருத்தி, காய்ந்த புல்லும் உடைத்த ஈர்க்கும் போடுங்கள். ஆண் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்க, பெண் கூடு கட்டும்.

முட்டையிலிருந்து குஞ்சு வரை

முதல் முட்டைக்கு இரண்டு நாள் கழித்து இன்னொன்று வரும். பகலில் பல மணி நேரம் ஆண் அடைகாக்கும்; மாலையிலிருந்து காலை வரை பெண். ஏறக்குறைய 14 நாளில் பொரிக்கும். கோழிக்குஞ்சு போல ஓடாது. கண் மூடியபடி தாய் தந்தையை நம்பியே கிடக்கும்.

முதல் சில நாள்களுக்குக் குஞ்சின் உணவு 'புறாப் பால்'. இது தாய், தந்தை இரண்டின் தீனிப்பையிலும் ஊறும் சத்து. இதைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோன்தான் மனிதத் தாய்க்கும் பால் சுரக்க உதவுகிறது. மாணவர்களுக்குச் சொன்னால் வியந்துபோவார்கள்.

ஆனால் 'பால்' என்றதும் பால்மாவோ கஞ்சியோ ஊட்டிவிடாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் குஞ்சு இறந்துவிடும். கீழே விழுந்த குஞ்சு சூடாக இருந்தால் திரும்பக் கூட்டில் வச்சுடுங்க. மனிதக் கை பட்டதால் பெற்றோர் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. இரண்டு, மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு இறங்கி, ஒரு மாதம் அளவில் தானே தின்னப் பழகும்.

எப்போது நிறுத்துவது?

நம் ஊரில் குளிர்காலம் கிடையாது. ஆண்டு முழுக்க முட்டையிடும். ஒரு சுற்றுக்கு ஆறு வாரம் என்று வைத்தால் ஆண்டுக்கு எட்டுச் சுற்று, பதினாறு குஞ்சு! அவற்றுக்கு இடம் எங்கே?

முட்டையை எடுத்துப் போட்டால் தீராது. பெண் விரைவில் மறுபடி இடும். கால்சியம் குறைந்து உடல் தளரும். முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கும் ஆபத்து வரலாம். அதனால் முட்டை இட்ட அன்றே எடுத்து, பிளாஸ்டிக் முட்டையை வையுங்கள். இல்லையென்றால் அதே முட்டையை அவித்து ஆறவைத்துத் திரும்ப வைக்கலாம். புறா இரண்டு, மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டுத் தானாக எழுந்துவிடும். அதன் உடலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கூடுதல் புறாக்களைத் திறந்துவிடுவது விடுதலை ஆகாது. இந்த இனத்துக்கு வீடு திரும்பும் பழக்கமோ, பூனை, காகத்திடமிருந்து தப்பும் அனுபவமோ கிடையாது.

வகுப்பில் பயன்படுத்த

புறா வளர்க்கும் மாணவர் இருந்தால், முட்டை இட்ட நாள், யார் எந்நேரம் அடைகாத்தது, குஞ்சு கண் திறந்த நாள் ஆகியவற்றை அட்டவணையாகக் குறித்துவரச் சொல்லுங்கள். விலங்குகளின் இனவிருத்திப் பாடத்துக்குப் பொருந்தும். கூடவே ஒரு கேள்வி கொடுங்கள்: "இரண்டு குஞ்சும் வளர்ந்த பின் எங்கே இருக்கும்?" பதில் இல்லாத மாணவருக்குப் பிளாஸ்டிக் முட்டையைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.